வெறுங்கைக் கணக்கு

போன வாரம் காலை நடை முடிந்து வழக்கமான டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பையனைப் பற்றிப் பேச்சு ஓடியது. பையன் என்றால் நாற்பது வயது இருக்கும். எனக்கு மச்சான் முறையாகும் ஒருவரின் மகன். எட்டு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொண்டிருந்தவன். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு நம் பக்கத்துத் தறிகள் வாரக்கணக்கில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகும் இழுத்துப் பிடித்துப் பார்த்தான். போன தை மாதம் எட்டுத் தறியையும் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு, இப்போது திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறான்.

பெஞ்சில் இரண்டு தீர்ப்பு வந்தது. ஒருவர், "அவனுக்குச் சாமர்த்தியம் பத்தாதுங்க" என்றார். இன்னொருவர், "அட, நேரம் சரியில்லீங்க. நேரம் நல்லா இருந்தா மண்ணைத் தொட்டாலும் பொன்னாகும்" என்றார். இரண்டு பேரும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

என் அபிப்பிராயத்தில் இரண்டு தீர்ப்புமே தப்பு. ஏன் தப்பு என்று சொல்வதற்கு எனக்கு ஒரு மீன் வேண்டும். நொய்யலில் கிடைக்கும் மீன் இல்லை. ஊட்டி மலையில் இருக்கும் ட்ரவுட்.

என் பழைய கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா சோமனூர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பாண்டிச்சேரிக்கு மில் வேலைக்குப் போனவர். அதனால் நான் அங்கே பிரெஞ்சு வழியில் படித்தேன். பிறகு சர்வீஸ் கமிஷன் தேர்வு எழுதி எழுத்தர் வேலை கிடைத்து, 1977 முதல் 1983 வரை உதகையில் இருந்தேன். இளவயது, கல்யாணம் ஆகவில்லை, ஞாயிற்றுக்கிழமை என்றால் குளிரைத் தவிர வேறு துணை இல்லை. அப்போது பிடித்த பழக்கம்தான் ட்ரவுட் தூண்டில்.

ட்ரவுட் நம் ஊர் மீன் அல்ல. குளிர்ந்த, ஓடுகிற, காற்று நன்றாகக் கலந்த தண்ணீர் இல்லாவிட்டால் அதற்கு மூச்சு முட்டும். 1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். இந்திய மீன்களைப் பற்றி இன்றைக்கும் ஆதாரமாக வைத்துப் பார்க்கும் பெரிய நூலை எழுதியவர் அவர். மீனைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் அந்தக் காலத்து இந்தியாவில் இருந்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனாலும் அவர் முயற்சி பலிக்கவில்லை. நாற்பது வருடம் கழித்து ஹெச்.சி. வில்சன் என்பவர் வந்தார். 1907ல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த ரெயின்போ ட்ரவுட் நம் மலை ஓடைகளில் நிலைத்தது. காஷ்மீரிலும் இதே கதைதான். 1899ல் கப்பலேறிய முதல் தொகுதி வழியிலேயே செத்துப்போக, அடுத்த வருடம் வந்தது பிழைத்தது. முதல் தடவை அனுப்பியவர்களுக்குச் சாமர்த்தியம் பத்தாது என்று யாராவது சொல்வார்களா?

சிறுவயதில் லீவுக்கு சோமனூர் வரும்போது சாமளாபுரம் குளத்தில் தாத்தாவோடு தூண்டில் போட்டிருக்கிறேன். மூங்கில் குச்சி, நூல், தக்கை, முள்ளில் ஒரு மண்புழு. தக்கை அமுங்கினால் இழுக்க வேண்டியதுதான். ட்ரவுட் தூண்டில் வேறு சாதி. முள்ளில் புழு கிடையாது. இறகு, ரோமம், பட்டுநூல் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சி ஒன்று இருக்கும். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. அதற்கு எடையே கிடையாது. அதனால் அதை வீச முடியாது. கனமான கயிற்றைத்தான் வீசுகிறோம், பூச்சி அதன் பின்னால் போகிறது. கோலைப் பின்னால் கொண்டு போனதும் கயிறு முதுகுக்குப் பின்னே முழுசாக நீளும் வரை ஒரு கணம் நிற்க வேண்டும். அந்தக் கணத்துக்கு முன்னால் வீசினால் கயிறு சாட்டை போலச் சொடுக்கிப் பூச்சி பறந்துவிடும். தாமதித்தால் கயிறு தொய்ந்து புல்லில் சிக்கும். தறி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பாவு திறந்த நொடியில் நாடா ஓட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் நூல் அறும்.

அந்தப் பூச்சிகளைப் பற்றி ஒரு வேடிக்கை. உலகம் முழுதும் ட்ரவுட், சால்மன் பிடிக்கிறவர்கள் பழைய நாளில் தங்கம் மாதிரி தேடிய இறகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. அதில் மெழுகு பூசியது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டுகள் மின்னும். அந்தக் கோழியின் விஞ்ஞானப் பெயரில் இருப்பது சோனராத் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் பாண்டிச்சேரிக்கு வந்து இந்தப் பக்கமெல்லாம் சுற்றியவர். எங்கள் பள்ளிக்கூட ஊருக்கும் நான் வேலை பார்த்த மலைக்கும் ஒரு சேவல் முடிச்சுப் போட்டிருப்பது எனக்கு மிகவும் பிற்பாடுதான் தெரிந்தது. இன்று அந்தப் பறவையைச் சுடுவது குற்றம். சரியான சட்டம்தான்.

எனக்குத் தூண்டில் கற்றுக்கொடுத்தவர் ஒரு படகர் பெரியவர். பையனாக இருந்தபோது வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளுக்குக் கோல் சுமந்தவர். என்னைத் தம்பி என்பார். நான் அண்ணா என்பேன். அவர் முதல் மூன்று ஞாயிறு என்னைத் தண்ணீரில் கோல் போடவே விடவில்லை. "உட்காருங்க தம்பி, பாருங்க" என்பார். எதைப் பார்ப்பது? தண்ணீரைத்தான்.

மீன் எப்போதும் நீர் வரும் திசையை நோக்கியே நிற்கும், ஏனென்றால் இரை மேலிருந்து மிதந்து வரும். அதனால் நாம் அதற்குப் பின்பக்கமாக, கீழிருந்து மேலாகத்தான் போக வேண்டும். மீன் மேலே பார்க்கும்போது அதற்கு ஒரு வட்டச் சன்னல் வழியாகத்தான் வெளியுலகம் தெரியும். மிச்சமெல்லாம் தண்ணீர்க் கூரையில் பிரதிபலிக்கும் அடிநிலம். அந்தச் சன்னலில் நம் தலை தெரிந்தால் காரியம் முடிந்தது. கரையில் அழுத்தி நடந்தாலும் அதன் உடம்புக்குத் தெரியும். பூச்சி விழுந்த பிறகு தண்ணீர் போகிற வேகத்திலேயே அதுவும் போக வேண்டும். கயிறு வேகமான நீரோட்டத்திலும் பூச்சி மெதுவான ஓட்டத்திலும் கிடந்தால், கயிறு பூச்சியை இழுக்கும். செத்த பூச்சி எதிர்நீச்சல் போடாது என்பது மீனுக்குத் தெரியும்.

பெரிய கேள்வி, எந்தப் பூச்சி என்பது. ஈசல் நமக்கெல்லாம் தெரியும். மழை விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஆயிரம் ஆயிரமாகக் கிளம்பும். அரை மணி நேரம். பிறகு தரையெல்லாம் இறக்கை. ஓடையிலும் அப்படி ஒரு பூச்சி இனம் உண்டு. மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் கல்லுக்குள் ஒட்டிக்கொண்டு வளரும். ஒருநாள் மேலே வந்து இறக்கை விரித்து, சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து முட்டையிட்டுச் செத்துவிடும். பிரெஞ்சில் அதற்கு எஃபெமேர் என்று பெயர்; நிலையில்லாதது என்றே அர்த்தம். அவை கிளம்புகிற அந்த நேரம் வந்துவிட்டால் ட்ரவுட்டுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி. அதே பூச்சியைத் தவிர வேறெதையும் சீண்டாது. உங்கள் பெட்டியில் அந்த அளவில், அந்த நிறத்தில் ஒன்று இருந்தால் நீங்கள் ராஜா. இல்லாவிட்டால் உங்கள் காலடியில் மீன் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அது எப்போது கிளம்பும் என்பது மேகம், வெயில், தண்ணீரின் குளிர், காற்று எல்லாம் சேர்ந்து போடும் கணக்கு.

இதைப் பற்றி இங்கிலாந்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஹால்ஃபோர்ட் என்பவர், மீன் மேலே வந்து தின்னும்போது மிதக்கும் பூச்சியைப் போடுவதுதான் முறை என்று நூல்கள் எழுதி ஒரு கூட்டத்தையே சேர்த்துவிட்டார். ஸ்கூஸ் என்ற லண்டன் வக்கீல், மீன் பாதிநேரம் தண்ணீருக்கடியிலேயே தின்கிறதே, அமிழும் பூச்சியைப் போட்டால் என்ன என்று 1910ல் ஒரு புத்தகம் போட்டார். அதற்காகக் கடைசி வரை அவரைச் சிலர் விதிமீறியவர் மாதிரியே பார்த்தார்கள். ஒரு மீனுக்காக இப்படியா என்று சிரிக்கலாம். ஆனால் ஒருவன் ஜெயித்த முறையை எல்லோருக்குமான வேதமாக்குவது நம் ஊரிலும் நடப்பதுதானே?

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

அப்போது எனக்கு மேலதிகாரி ஒருவர் இருந்தார். வெளிநாட்டுக் கோல், தோல் பெட்டியில் வரிசையாக நாற்பது பூச்சி. ஒரு ஞாயிறு எமரால்டுக்கு மேலே உள்ள ஓடைக்கு மூவரும் போனோம். பெரியவர் தொப்பியில் குத்தி வைத்திருந்த, பாதி ரோமம் உதிர்ந்த ஒரே பூச்சியைக் கட்டி முழு அளவு மீன் இரண்டு எடுத்தார். அதிகாரிக்கு ஒன்றுமில்லை. "பூச்சியில ஒண்ணுமில்ல, கைதான் முக்கியம்" என்று இறங்கி வரும் வழியெல்லாம் அவரே சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிறு அதே ஓடை, அதே மடு. அதிகாரிக்கு மூன்று, பெரியவருக்கும் எனக்கும் சைபர். அன்றைக்கு இறங்கும்போது அதிகாரி, "சரியான பூச்சி வச்சிருந்தா கை எதுக்குய்யா" என்றார்! பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, பீடியைப் பற்ற வைத்தார்.

அன்றிரவுதான் ஒரு நோட்டுப் போட்டேன். எழுத்தர் புத்தி. ரூல் போட்டுக் கட்டம் கட்டினேன்: தேதி, இடம், வானம், தண்ணீர், பூச்சி, நேரம், மீன். லைசென்ஸ் எடுத்துப் போன ஒவ்வொரு நாளும் இரவு அதில் எழுதிவிட்டுத்தான் படுப்பேன். மீன் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் பிரெஞ்சில் ஒரு வார்த்தை எழுதுவேன்: ப்ரதுய். வேட்டைக்கோ மீனுக்கோ போய் வெறுங்கையோடு திரும்புகிறவனைக் குறிக்கும் சொல் அது. தோற்றவன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மழையில் நனைந்தான் என்பது போல ஒரு செய்தி, அவ்வளவுதான். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் இன்னொன்றும் சொல்வார். அந்த மொழியில் மீன் பிடிப்பவனுக்கும் பாவம் செய்பவனுக்கும் ஏறக்குறைய ஒரே எழுத்துத்தான். மீனவனுக்கு எழுத்தின் தலையில் ஒரு தொப்பி, பாவிக்கு ஒரு கோடு. "தொப்பியை மாற்றிப் போட்டு மனுஷனைப் பாவி ஆக்கிவிடாதீர்கள், பிள்ளைகளே" என்பார். அப்போது சிரித்தோம்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. டீக்கடையிலிருந்து வந்ததும் எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு வருடம் பக்கம் பக்கமாக ப்ரதுய். நடு இரண்டு வருடத்தில் குறைகிறது. கடைசி இரண்டு வருடத்தில் இன்னும் குறைந்து, மீன் உள்ள நாள்கள் அதிகமாகிவிட்டன. ஆனால் ஒரு மாதம்கூட ப்ரதுய் இல்லாமல் இல்லை. கடைசிப் பக்கத்தில், மாற்றல் உத்தரவு வந்த பிறகு போன கடைசி ஞாயிறும் ப்ரதுய்தான். மேகமூட்டம், தண்ணீர் சற்றே ஏறி இறங்கிய நிலை, பிற்பகல் மூன்று மணி, நல்ல பூச்சி. எல்லாம் என் கணக்குப்படி முதல்தரம். ஒரு மீன்கூட மூக்கைக் காட்டவில்லை.

இன்னொன்றும் அதில் தெரிகிறது. பனி உறைந்த மார்கழிக் காலைகளில் போன நாளெல்லாம் வீண். அதே நாள் மதியத்துக்கு மேல் வெயில் பட்டுத் தண்ணீர் கொஞ்சம் இளகியதும் மீன் அசைந்திருக்கிறது. கோடையில் நேர்மாறு, விடிகாலையும் அந்தியும்தான். இதெல்லாம் அதிர்ஷ்டம் இல்லை. எழுதி வைத்துக் கற்றது. ஆக, நேரத்தை ஓரளவு படிக்கலாம். கையைப் பழக்கலாம். பூச்சியைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றையும் செய்தவனுக்கு வெறுங்கை நாள்கள் குறையும், இல்லாமல் போகாது.

இதைத்தான் டீக்கடை பெஞ்சில் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. "சாமர்த்தியம் பத்தாது" என்கிறவர் என் நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்ப்பவர். "எல்லாம் நேரம்" என்கிறவர், முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்காதவர். முன்னவர் பேச்சு விழுந்தவனை மிதிக்கிறது. பின்னவர் பேச்சு கேட்க இதமாக இருக்கும். ஆனால் அது அவன் பட்ட பாட்டை அழித்துவிடுகிறது. ஒருவன் பத்து வருடம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தது, நூல் விலை ஏறியபோதும் பாவு நிற்காமல் ஓட்டியது, ஆள் கூலியைத் தள்ளாமல் கொடுத்தது, எல்லாம் எங்கே போயிற்று? நேரம் என்ற ஒரே சொல்லில் மூடிவிட்டால் நாளைக்கு அவனிடம் யாரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவும் முடியாது.

ஜெயித்தவர்களுக்கும் இது பொருந்தும். நம் ஊரில் நாலு தறியில் ஆரம்பித்து நாற்பது தறி வைத்தவர்கள் இருக்கிறார்கள். உழைப்பாளிகள், மறுக்கவில்லை. ஆனால் மூன்று மீன் எடுத்த அன்று என் அதிகாரி பேசியது போலப் பேசினால் எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இறங்கிய வருடத்தில் ஓடையில் பூச்சி கிளம்பியிருந்தது. அந்த நேரத்தில் கையில் கோலோடு தண்ணீரில் நின்றது அவர்கள் கெட்டிக்காரத்தனம். பூச்சி கிளம்பியது அவர்கள் வேலை இல்லை.

அப்படியானால் விழுந்தவனை எப்படி மதிப்பது? கூடையைப் பார்க்காதீர்கள், நோட்டைப் பாருங்கள் என்பேன். என்ன செய்தான், எப்போது செய்தான், எதைப் பார்த்து முடிவெடுத்தான் என்று கேளுங்கள். அதில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்வான். பிழை இல்லை என்றால் ப்ரதுய் என்று எழுதிவிட்டு அவனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் உவமைக்கு ஒரு நொண்டி உண்டு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ஆபீஸ் இருந்தது, ஒன்றாந்தேதி சம்பளம் இருந்தது. அந்தப் பையனுக்கு வங்கிக் கடன் இருந்தது. வெறுங்கையை அமைதியாக எழுதி வைக்க எனக்கு வசதி இருந்தது என்பதை மறக்கக்கூடாது. அதனாலேயே அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் இரண்டு மடங்கு நிதானிக்க வேண்டும்.

அந்த ஓடைகளுக்கு நான் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. மேற்கே பல பகுதி முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் போய்விட்டது. வரையாடு நிம்மதியாக மேயட்டும். குந்தா அணைகளையெல்லாம் கடந்து அந்தத் தண்ணீர் பில்லூருக்கு வந்து, கோவைப் பக்கத்துக் குழாய்களில் குடிதண்ணீராக வருகிறது. சில நாள் காலையில் செம்பில் தண்ணீர் பிடிக்கும்போது, இதில் நம் மீன் நீந்தியிருக்குமோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வரும்.

நேற்று மச்சான் வீட்டுக்குப் போனேன். தறி விற்றதிலிருந்து அவர் மகனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். நோட்டைக் கையோடு கொண்டு போனேன். பிரெஞ்சு வார்த்தையைக் காட்டி, கதையைச் சொன்னேன். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஏனுங் மாப்ளே, இத்தனை நாள் மீன் கிடைக்காமயா மறுபடியும் மறுபடியும் போனீங்க?"

"ஆமாங் மச்சான்."

"வூட்ல ஆரும் கேக்கலீங்களா?"

"அப்போ வீட்ல ஆளே இல்லீங்களே மச்சான்."

அவர் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். உள்ளே திரும்பி, "தம்பி ராத்திரி எத்தனை மணிக்கு வருவான்? சோறு எடுத்து வெச்சிருக்கறயா?" என்று அக்காவிடம் கேட்டார். அவ்வளவுதான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.